அன்பு அண்ணன் வரைந்த மார்க்கர்

போன வாரம் தேக்கா சந்தையில் வைத்து என் கைப்பைக்குள் மீனெண்ணெய் மாத்திரை டப்பா திறந்துகொண்டது. மூட்டுவலிக்கு நல்லது என்று டாக்டர் எழுதிக்கொடுத்த மஞ்சள் குமிழிகள். வெயிலில் இளகி ஒன்றோடொன்று ஒட்டி, இரண்டு மூன்று உடைந்தும்போய், பர்ஸ், பஸ் கார்டு, கறிவேப்பிலைக் கட்டு எல்லாம் ஒரே பிசுபிசுப்பு. கீரைக்கடை அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, பைக்குள் மீனை வைத்துக்கொண்டா சுற்றுகிறீர்கள் என்று கேட்டார். நான் பைக்குள் மூக்கை விட்டு இன்னொரு தரம் இழுத்து மோந்தேன். அவர் கீரையைக் கட்டி, கொஞ்சம் தள்ளி நின்றே நீட்டினார்.

எனக்கு அது மீன் வாடையே இல்லை. பெயிண்ட்பால் குண்டு வாடை. அந்தக் குண்டும் ஏறக்குறைய இந்த மாத்திரை மாதிரிதான். மெல்லிய ஜெலட்டின் தோல், உள்ளே மருந்துக்குப் பதிலாகச் சாயம். இரண்டு கட்சியாகப் பிரிந்து, முகமூடி மாட்டிக்கொண்டு, காற்றழுத்தத் துப்பாக்கியால் ஒருவரை ஒருவர் அடித்து விளையாடுவார்கள். ஆனால் துப்பாக்கி என்று சொன்னால் ஆட்டக்காரர்களுக்குக் கோபம் வரும். மார்க்கர் என்றுதான் சொல்லவேண்டும். அது ஆளைச் சுடுவதில்லையாம், அடையாளம் வைக்கிறதாம். ரொம்ப நாகரிகம்தான் போங்கள். பட்ட இடம் மூன்று நாளைக்குக் கன்றிப்போய்க் கிடக்கும், அதை மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள்.

அந்த மார்க்கரை நான் ஒரு காலத்தில் வரைந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். புக்கிட் மேராவில் மூவறை வீட்டில் வளர்ந்து, பாலிடெக்னிக்கில் இயந்திரப் படிப்பு முடித்து, ஜூரோங்கில் ஒரு சின்னப் பட்டறையில் வரைபடம் போடும் வேலைக்குச் சேர்ந்தவள் நான். இருபத்திரண்டு வயது. பூன்லே ரயில் நிலையத்தில் இறங்கி, கம்பெனி பஸ்ஸில் ஏறி, முதல் சம்பளத்தில் வாங்கிய தோல்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரும்போது, இந்தத் தீவில் ஓடுகிற இயந்திரமெல்லாம் என் படத்தைப் பார்த்துத்தான் ஓடுகிறது என்று எனக்கு ஒரு நினைப்பு. அம்மாவோ அக்கம்பக்கத்தில் என்னைப் பற்றிக் கேட்டால் ஆபீஸ் வேலை என்று மட்டும் சொல்லி வைப்பார். துப்பாக்கி வரைகிற பெண்ணை எவன் கட்டுவான் என்பது அவர் கவலை.

பட்டறையில் கீழே எட்டு இயந்திரங்கள், மேலே ஏணி மாதிரிப் படிக்கட்டு ஏறினால் ஓர் அறை. அறைக்குள் ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு நாற்காலி. அந்த நாற்காலி என்னுடையது. இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் செய்ததெல்லாம் அந்த நாற்காலிக்காகத்தான். கப்பல்கட்டும் தளத்துக்கு வேண்டிய வால்வு, தண்டு, மூடி என்று இரும்பிலும் வெண்கலத்திலும் கடைவதுதான் பட்டறையின் அன்றாடப் பிழைப்பு. முதலாளி லிம், தன் அப்பாவிடமிருந்து பட்டறையை வாங்கியவர். வியாபாரம் தெரியும், இரும்பு அவ்வளவாகத் தெரியாது. ஏர்கான் என் அறையில் மட்டும்தான் உண்டு. கீழே வெட்டெண்ணெய் வாடையும் சூடும் முகத்தில் அடிக்கும். மதியத்தில் நான் கீழே இறங்கினால் என் கண்ணாடி பூத்துப்போய்விடும், நான் துடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து எல்லாரும் சிரிப்பார்கள்.

அங்கேதான் அன்பு அண்ணன். முழுப்பெயர் அன்பழகன். கரூர்ப் பக்கத்துக்காரர், ஊரில் பம்பு பட்டறையில் கடைசல் வேலை பார்த்துவிட்டு வேலை அனுமதியில் வந்தவர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். வந்த புதிதில் எல்லாரையும்போல என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டார். ஒரு தீபாவளிக்கு அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கைப் பங்கு வைத்தேன், அன்றிலிருந்து அம்மணி ஆகிவிட்டேன். அவர் ஊரில் வீட்டுப் பெண்பிள்ளையை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று அப்போது நான் யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை.

அன்பு அண்ணனுக்கு ஒரு கிறுக்கு. எந்தப் பொருளைப் பார்த்தாலும் கையில் எடுத்துத் தடவிப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் சிராங்கூன் சாலையில் சாப்பிட்டுவிட்டு நடந்தால் நகைக்கடைக் கண்ணாடி ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றுவிடுவார். நகை வாங்கவா? இல்லை. தோளில் பூட்டுகிற ஒரு வங்கியின் வளைவு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்று பார்ப்பதற்கு. கடைக்காரர் நம்பிக்கையோடு வெளியே எட்டிப் பார்ப்பார், இவர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுப்பார். நானும் ஒன்றிரண்டு ஞாயிறு கூட நின்று மானம் கெட்டிருக்கிறேன்.

இப்படியிருக்க ஒரு நாள் ரஷீத் பாய் பட்டறைக்கு வந்தார். வடக்கே, காடு முடிகிற இடத்தில், பெயிண்ட்பால் திடல் நடத்தியவர். மார்க்கருக்கு உரிமம் அவர் பெயரில். திடலைவிட்டு ஒன்றுகூட வெளியே வரக்கூடாது, பூட்டி வைக்கவேண்டும், எண்ணிக் காட்டவேண்டும். அதனால் நாங்கள் செய்யவேண்டியது அதன் உடம்பு மட்டும், அதாவது அலுமினியக் கட்டையைக் குடைந்து எடுக்கிற கூடு. உள்ளே ஓடுகிற உறுப்புகளை அவர் தன் இடத்தில் வைத்தே பொருத்திக்கொள்வார். அவரிடம் இருந்ததெல்லாம் பழைய வாடகைச் சாமான், கனம், பார்க்கவும் சகிக்காது. மற்ற திடல்களில் இல்லாத மாதிரிப் பத்து மார்க்கர் வேண்டும் என்றார்.

நான் அளவு குறித்துக்கொண்டிருந்தபோது டீ குடிக்க வந்த அன்பு அண்ணன், கையோடு ஒரு காகிதத்தில் எதையோ கிறுக்கி மேசையில் வைத்துவிட்டுப் போனார். ரஷீத் பாய் என் அளவுகளை விட்டுவிட்டு அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். லிம் வியாபாரி அல்லவா, உடனே ஒரு யோசனை சொன்னார். இரண்டு மாதிரி செய்யலாம், ஒன்று என் வரைபடம், ஒன்று அன்புவுடையது. திடலில் சுட்டுப் பார்த்து நீங்களே தேர்ந்தெடுங்கள். ரஷீத் பாய் போனபிறகு அன்பு அண்ணனைக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார். அவருடையது தேறினால் கணினி வகுப்புக்குப் பட்டறையே அனுப்பும், வடிவமைப்பாளர் என்று போட்டு அடுத்த நிலை அனுமதிக்கு விண்ணப்பம் செய்யும், அவர் மாடியில் வந்து உட்காரலாம்.

அன்பு அண்ணன் அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். பத்து வருஷம் மற்றவர்கள் வரைந்ததைக் கடைந்தவர். நான் நாற்காலியை நினைத்துக்கொண்டே வந்தேன். ஒரு மேசைதானே இருக்கிறது, ஒரு கணினிதானே இருக்கிறது என்று.

வேடிக்கை என்னவென்றால், அவருக்குக் கணினி தெரியாது. பென்சிலில் வரைந்து கொடுப்பார், நான்தான் அதைக் கணினியில் ஏற்றவேண்டும். என் போட்டியாளரின் படத்தை நானே வரைந்தேன். அதில் நாங்கள் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. குண்டுகளைக் கொட்டி வைக்கிற குடுவை மார்க்கரின் தலையில் உட்காரும். நான் அதை வலப்பக்கம் சாய்த்து வைத்தேன், குறி பார்க்கும் கண்ணை மறைக்கக்கூடாது என்று. அவர் நட்டநடுவில் வைத்தார். குறி மறைக்குமே அண்ணே என்றால், அவன் கழுத்தைச் சாய்த்துக்கொள்வான் என்றார். நான் எடை, பிடி, சுவர்க்கனம் என்று பாலிடெக்னிக் பாடத்தை ஒப்பித்தேன். அவர் பக்கவாட்டில் வாழைப்பூ மடல் விரிகிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக வளைவு வெட்டிக்கொண்டே போனார்.

"இது வேலை செய்யணும் அண்ணே. அழகா இருந்து என்ன செய்ய?" என்றேன் ஒருநாள் எரிச்சலில்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "கையில எடுத்தா கீழ வைக்க மனசு வரக்கூடாதுங்க அம்மணி. அதுவும் ஒரு வேலைதானுங்களே" என்றார்.

பதில் இல்லாவிட்டால் எனக்கு ஆத்திரம்தான் வரும். இன்றைக்கும் அப்படித்தான், என் வீட்டுக்காரரைக் கேட்டால் விலாவாரியாகச் சொல்வார்.

இனிமேல் சொல்வதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அன்பு அண்ணன் தன் கூட்டைக் கடைந்தார், என்னுடையதைப் பட்டறையில் இன்னொருவர் கடைந்தார். இரண்டு கூடுகளுக்கும் கறுப்பு நிறம் ஏற்றவேண்டும், அது வேறொரு பட்டறையில் நடக்கும் வேலை. இரும்புக்குக் கறுப்பு ஏற்றினால் அளவு மாறாது. அலுமினியத்துக்குக் கெட்டியாக ஏற்றினால் மேல்தோல் தடிக்கும். தடிப்பு என்றால் தலைமுடியைவிட மெல்லிசுதான். ஆனால் கூட்டின் நடுவில் ஒரு நீளத் துளை உண்டு, அதற்குள்தான் குண்டைத் தள்ளும் உருளை முன்னும் பின்னும் ஓடும். அந்தத் துளையின் உள்சுவரிலும் தோல் தடித்தால் உருளை சிக்கிக்கொள்ளும். அதனால் கறுப்பு ஏற்றுமுன் துளையை ரப்பர் அடைப்பான் வைத்து மூடவேண்டும். மூடச் சொல்லி வரைபடத்தில் ஒரு வரி எழுதினால் போதும், அந்தப் பட்டறைக்காரர் மூடிவிடுவார்.

அன்பு அண்ணனுக்கு இது தெரியாது. இரும்பிலேயே வளர்ந்த கை அது. எங்கள் பட்டறைக்கும் கறுப்பு அலுமினியம் அதுதான் முதல்தடவை. நான் இதைப் பரீட்சைக்குப் படித்தவள். என் படத்தில் அந்த வரியை எழுதினேன். அவர் படத்தைத் திறந்தேன். அவர் பென்சில் படத்தில் அப்படியொரு குறிப்பு இல்லை. அவர் கொடுத்ததைத்தானே ஏற்றவேண்டும், என் சொந்தச் சரக்கைச் சேர்க்கலாமா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நியாயம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அச்சுக்குக் கொடுக்கும்போது படிக்கட்டில் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்துக்கொண்டேன், அதனால்தான் அது நியாயமில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்திருந்தது என்கிறேன். கறுப்பு ஏறி வர ஒரு வாரம் ஆனது. அந்த ஏழு நாளும் அவர் என்னிடம் வந்து வந்து பேசினார். ஏழு நாளில் எந்த நிமிடத்திலும் நான் வாயைத் திறந்திருக்கலாம்.

ஒரு சனிக்கிழமை காலையில் திடலுக்குப் போனோம். தகரக் கொட்டகை, நனைந்த மண், உடைந்த குண்டுகளின் அந்த வாடை. ரஷீத் பாய் இரண்டு கூடுகளையும் மேசைமேல் வைத்தார். விளையாட வந்த பையன்கள், அவரிடம் வேலை பார்த்தவர்கள், எல்லாரும் கை நீட்டி எடுத்தது அன்பு அண்ணனுடையதைத்தான். எடுத்தவர்கள் கீழே வைக்கவில்லை, அடுத்தவன் கைக்குத்தான் கொடுத்தார்கள். உள்ளங்கை எங்கே உட்காரும் என்று அவர்களுக்கு முன்பாகவே அது தெரிந்துவைத்திருந்தது. பக்கத்தில் என்னுடையது டிபன் கேரியர் மாதிரி உட்கார்ந்திருந்தது. லிம்கூட வாயெல்லாம் பல்லாக நின்றார். நான் ஒரு கணம், ஒரே ஒரு கணம், கடவுளே அது ஓடிவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இதையும் சொல்லிவிடுகிறேன், கணக்கில் சேர்க்காவிட்டாலும் பரவாயில்லை.

உறுப்புகளைப் பொருத்தும்போதே இறுகியது. ரஷீத் பாய் எண்ணெய் விட்டு அழுத்தி ஏற்றினார். முதல் குண்டு போனது. இரண்டாவது பாதியில் நின்றது. மூன்றாவது உள்ளேயே உடைந்து, அந்தக் கறுப்பு மடல்களின் மேலெல்லாம் மஞ்சள் சாயம் வழிந்தது. என்னுடையது நூறு குண்டு சுட்டது, ஒன்றுகூடத் தவறவில்லை.

"அழகு நமக்கு வேண்டாம்லா. சுட்டாப் போதும்," என்றார் ரஷீத் பாய். லிம் பாயின் முதுகில் தட்டி, அழகான முகம் வேலை செய்யாது என்று ஆங்கிலத்தில் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்பு அண்ணன் சிரிக்கவில்லை. துண்டை வாங்கிச் சாயத்தை நிதானமாகத் துடைத்து, துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், "அழகுக்கு ஆசப்பட்டு ரொம்பச் சுரண்டிட்டனுங்க. சுவரு மெலிஞ்சு தொள கோணிப்போச்சு. என் தப்புதான் அம்மணி" என்றார்.

பரவாயில்லை அண்ணே என்றேன். இந்த ஆயுசில் நான் பேசிய வார்த்தைகளில் கேவலமானது எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

பத்து மார்க்கரும் என் படத்தின்படி வந்தது. கடைந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? பட்டறையில் அலுமினியத்தை அவ்வளவு சுத்தமாகக் கடைகிறவர் அவர் ஒருவர்தான். என் வரைபடத்தை இயந்திரத்தின் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்துக்கொண்டு முதல் கூட்டைக் கடைய ஆரம்பித்தார். நான் மேலே என் நாற்காலியில் இருந்தேன். இந்த ஆபத்து எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள், என் புத்திசாலித்தனத்துக்கு அளவு அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் மத்தியானம் படியேறி வந்தார். கையில் அந்த வரைபடம், ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. என் மேசையில் விரித்து, அடியிலிருந்த குறிப்புகளில் ஒன்றின் கீழே விரலை வைத்தார். கறுப்பு ஏற்றுமுன் துளையை மூடவும்.

"இந்த வரி ரொம்ப முக்கியமான வரிங்க, மேடம்," என்றார்.

அவ்வளவுதான். குரல் உயரவில்லை. ஏன் என்று கேட்கவில்லை, லிம்மிடம் போகவும் இல்லை. போனால் யார் பேச்சு எடுபடும் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். படத்தை மடித்து எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். பின்னாலேயே ஓடியிருக்கலாம். ஓடவில்லை, உட்கார்ந்தே இருந்தேன். மீதிக் கூடுகளையும் அவர் ஒரு குறையில்லாமல் கடைந்து முடித்தார். அடுத்த வருஷம் அனுமதி முடிந்தபோது புதுப்பிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனார். போகும்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார், என்னிடமும், மற்றவர்களிடம் சொன்ன மாதிரியே.

அதற்குப்பின் நான் வேறு கம்பெனி, வேறு வேலை, கல்யாணம், பொங்கோலில் வீடு என்று போய்விட்டேன். பல வருஷம் கழித்து, ரஷீத் பாயின் திடல் குத்தகை முடிந்து மூடப்போகிறது என்று கேள்விப்பட்டு ஒரு நாள் போய்ப் பார்த்தேன். கொட்டகையில் பாதியைப் பிரித்திருந்தார்கள். ரஷீத் பாய் தாடி நரைத்து உட்கார்ந்திருந்தார். என் பத்து மார்க்கரும் உழைத்தன என்று பாராட்டினார். விளிம்பு மட்டும் கட்டைவிரலைக் கிழிக்குமாம், பக்கத்திலேயே ஒரு டப்பா பிளாஸ்டர் வைத்திருந்தாராம். பிறகு அவராகவே சொன்னார்:

"அந்த வாழைப்பூ மார்க்கர் இருக்கே, அதை அப்பவே இங்கேயே ஒருத்தர் கிட்டக் குடுத்து உள்ளே லேசா தேய்ச்சு வாங்கினேன். பத்து நிமிஷ வேலைலா. கடைசி வரைக்கும் பையனுங்க அதுக்குத்தான் சண்டை போடுவானுங்க. அது கிடைக்கலைன்னா ஆட்டமே வேண்டாம்னு போனவனும் உண்டு."

இதை எங்களிடம் ஏன் சொல்லவில்லை பாய் என்றேன். உங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன் என்றார். ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டேன். உரிமம் முடிகிறதால் எல்லாவற்றையும் ஒப்படைத்தாயிற்று, இந்நேரம் அறுத்துப் போட்டிருப்பார்கள் என்றார். படம் ஏதாவது எடுத்து வைத்தீர்களா என்றேன். யார் எடுக்கிறது அதையெல்லாம் என்று சிரித்தார்.

திடல் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள் வந்துவிட்டன. ஜூரோங் பட்டறை இருந்த கட்டடத்தை இடித்தாகிவிட்டது. லிம் தொழிலை விட்டுவிட்டார். அன்பு அண்ணனின் பென்சில் படத்தை நான் அச்சுக்குக் கொடுத்த அன்றே குப்பையில் போட்டுவிட்டேன், அப்போது அது என் மேசையை அடைத்துக்கொண்டிருந்ததாம். நான் செய்தது அவருக்குத் தெரியும். அந்தக் கொட்டகையில் அத்தனை வருஷம், அத்தனை பையன்கள், அவர் செய்ததைக் கீழே வைக்க மனசில்லாமல் நின்றார்கள் என்பது தெரியாது. அதைத் தெரிந்துகொண்டவள் நான் ஒருத்திதான், என்னிடம் அவருடைய முகவரி இல்லை.